ரோலர்கோஸ்டர் டைகூன் கிளாசிக்: முதல் பூங்காவைத் தோற்காமல் நடத்த ஒரு வழிகாட்டி

ரோலர்கோஸ்டர் டைகூன் கிளாசிக் என்பது பொழுதுபோக்குப் பூங்கா கட்டி நடத்துகிற ஆட்டம். அதன் முதல் பூங்காவில் முதல் வருடம் ஜூலையிலேயே கையில் காசு தீர்ந்து, ஒரு பெஞ்சு போடக்கூட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறை ரோலர் கோஸ்டரில் ரயிலும் ரயிலும் மோதியது. மூன்றாவது முறை எல்லாம் சரியாகப் போய், கணக்கெடுக்கும் நாளன்று உள்ளே இருக்க வேண்டியவர்களில் பதினோரு பேர் குறைந்து தோற்றேன். மூன்றும் ஒரே பூங்கா. அதுவும் ஆட்டத்தில் முதலில் வருகிற, எல்லாரும் "ரொம்ப ஈசி" என்கிற பூங்கா.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "அப்பா, இவங்க எல்லாம் ஏன் வீட்டுக்குப் போறாங்க?" எனக்குத் தெரியவில்லை. பதில் திரையிலேயே இருந்தது, ஒரு தட்டு தட்டினால் திறக்கிற பெட்டியில். நான்தான் கட்டுகிற ஜோரில் எதையும் திறந்து படிக்கவில்லை. நான்காவது முறை படித்துப் படித்து ஆடினேன், ஜெயித்தேன். நீங்கள் அந்த மூன்று தோல்விகளை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

ஆட்டத்தில் தமிழ் கிடையாது. அதனால் திரையில் என்ன பெயரில் இருக்கிறதோ அதையே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தேடிக் கண்டுபிடிக்கச் சுலபமாக இருக்கும். தொகைகள் எல்லாம் பவுண்டில்.

1. சரியான ஆட்டத்தை வாங்குங்கள்

ஒரே பெயரில் பல ஆட்டங்கள் இருக்கின்றன. முதல் பொறியே இதுதான். பெயரின் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு இலவசமாகக் கிடைத்த வேறொன்றை இறக்கி, இரண்டு நாள் ஆடிய பிறகுதான் நான் தேடியது அது இல்லை என்று புரிந்தது.

நீங்கள் தேட வேண்டியது "ரோலர்கோஸ்டர் டைகூன் கிளாசிக்". 1999-இலும் 2002-இலும் வந்த முதல் இரண்டு பாகங்களைச் சேர்த்து, 2016 டிசம்பரில் போனுக்கும் டேப்லெட்டுக்கும், 2017-இல் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தார்கள். இது காசு கொடுத்து ஒருமுறை வாங்குவது. "ரோலர்கோஸ்டர் டைகூன் டச்" என்பது வேறு. அது இறக்க இலவசம், உள்ளே சீட்டுக்கட்டு போல அட்டைகள் சேர்க்க வேண்டும், காத்திருக்க வேண்டும், காத்திருக்கப் பிடிக்காவிட்டால் காசு கட்ட வேண்டும். குழந்தை கையில் போனைக் கொடுக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

போனில் வாங்கினால் வாக்கி வேர்ல்ட்ஸ், டைம் ட்விஸ்டர், டூல்கிட் என்ற மூன்று சேர்க்கைகளுக்குத் தனியாகக் காசு கேட்கும். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். அடிப்படை ஆட்டத்தில் உள்ள பூங்காக்களே மாதக்கணக்கில் வரும். கம்ப்யூட்டரில் வாங்கினால் அவையும் சேர்ந்தே வருகின்றன. திரை விஷயத்தில் என் கருத்து: டேப்லெட் நல்லது, போன் சுமார். ஆறு அங்குலத் திரையில் பாதை போடுவது ஊசியில் நூல் கோப்பது மாதிரி.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பூங்காவுக்குள் நாமே நடந்துபோய், குழந்தைகளோடு குட்டி விளையாட்டுகள் ஆட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் இந்த ஆட்டம் அதற்கு இல்லை. அதற்கென்றே 2006-இல் வந்தது "த்ரில்வில்". பிளேஸ்டேஷன் 2, பிஎஸ்பி, எக்ஸ்பாக்ஸில் ஓடும். அடுத்த வருடமே "ஆஃப் தி ரெயில்ஸ்" என்று இரண்டாம் பாகமும் வந்தது. அதில் நீங்கள் ஒரு பாத்திரமாகப் பூங்காவில் திரிவீர்கள், வருகிறவர்களோடு பேசுவீர்கள், மினி கேம்களில் இறங்குவீர்கள். வீட்டில் பழைய கருவி கிடந்தால் தேடிப் பாருங்கள். கிளாசிக்கில் நாம் மேலே இருந்து பார்க்கிற முதலாளி மட்டும்தான்.

2. எதையும் கட்டும் முன் மூன்று தாள்களைப் படியுங்கள்

முதல் பூங்காவின் பெயர் ஃபாரஸ்ட் ஃபிரான்டியர்ஸ். திறந்ததும் ஒரு காடு, ஒரு வாசல், கொஞ்சம் பாதை. கை பரபரக்கும். பொறுங்கள். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு இவற்றைப் பாருங்கள்.

முதல் தாள், இலக்கு. பூங்காவின் பெயரைத் தட்டினால் திறக்கும் பெட்டியில் அப்ஜெக்டிவ் என்ற பக்கம் இருக்கும். இந்தப் பூங்காவுக்கு: முதல் வருடம் அக்டோபர் முடியும்போது உள்ளே குறைந்தது 250 பேர் இருக்க வேண்டும், பூங்கா மதிப்பெண் 600-க்குக் குறையக் கூடாது. இதில் "முடியும்போது" என்ற சொல்லைக் கவனியுங்கள். நடுவில் எப்போதோ 400 பேர் வந்திருந்தால் பயனில்லை. அந்த ஒரு நாளில் இருக்க வேண்டும். என் மூன்றாவது தோல்வி இதில்தான்.

இரண்டாம் தாள், கணக்கு. கையிருப்பில் தெரிகிற பணத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். பெரும்பாலான பூங்காக்களில் அது வங்கிக் கடன். மாதாமாதம் வட்டி போகும். கடனைக் கூட்டவும் குறைக்கவும் அங்கேயே பொத்தான் உண்டு.

மூன்றாம் தாள், வாசல் கட்டணம். சில பூங்காக்களில் நுழைவு இலவசம், ரைடு ஒவ்வொன்றுக்கும் டிக்கெட். சிலவற்றில் நுழைவுக்குக் கட்டணம், உள்ளே ரைடுகள் இலவசம். எது அனுமதி என்பதைப் பொறுத்து மொத்தத் திட்டமே மாறும். கீழே நான் விலை பற்றிச் சொல்வதெல்லாம் ரைடுக்கு டிக்கெட் வாங்கும் பூங்காவுக்கு.

அப்புறம் நேரம். ஆட்டத்தில் ஒரு வருடத்துக்கு எட்டு மாதம்தான்: மார்ச் முதல் அக்டோபர் வரை. ஒரு மாதம் ஓட நம் கடிகாரத்தில் ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வருடம் ஐம்பத்தைந்து நிமிடம். ஆக பின்னால் வருகிற மூன்று வருடப் பூங்கா என்றால் இடைவிடாமல் ஆடினால் இரண்டே முக்கால் மணி நேரம். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கினால் மாலைக் காப்பிக்கு முடியாது. வாரநாள் என்றால் ஒரு நாளுக்கு ஒரு வருடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எழுந்து போகும்போது சேமித்துவிட்டுப் போங்கள், ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில். ஒரே பெயரில் சேமித்தால், தப்பு செய்த பிறகு சேமித்தது நல்ல நிலையின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும்.

3. முதல் பதினைந்து நிமிடம்: பாதை, சின்ன ரைடுகள், கழிப்பறை

வாசலில் இருந்து உள்ளே ஒற்றை வரிசைப் பாதை போடுங்கள். அகலமாக, மைதானம் போலப் போட வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அதிலேயே சுற்றுவார்கள். முட்டுச்சந்துகளும் வேண்டாம். ஒரு வளையமாகப் போட்டு வாசலுக்கே திரும்பி வருகிற மாதிரி வைத்தால் தொலைந்துபோகிறவர்கள் குறைவார்கள்.

முதல் ரைடு ரோலர் கோஸ்டராக இருக்க வேண்டியதில்லை. என் முதல் தப்பு அது. இருந்த பணத்தை எல்லாம் ஒரு கோஸ்டரில் போட்டுவிட்டு, கழிப்பறைக்குக் காசில்லாமல் நின்றேன். குடை ராட்டினம் போன்ற சின்ன ரைடுகளை மூன்று நான்கு முதலில் வையுங்கள். இவற்றைச் சோதனை ஓட்டம் இல்லாமலே திறக்கலாம், உடனே காசு வரும். வகை வேறு வேறாக இருக்கட்டும். ஒரே வகையில் இரண்டு வைத்தால் அதற்குக் கொடுக்க வருகிறவர்கள் தயாராக இருக்கும் விலை குறைந்துவிடும்.

பூங்காவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது பெரும்பாலும் எத்தனை ரைடு, எவ்வளவு நல்ல ரைடு என்பதைப் பொறுத்தது. பூச்செடியும் சிலையும் வைத்து கூட்டம் சேர்க்க முடியாது. நான் முயன்றேன்.

ஒவ்வொரு ரைடுக்கும் வாசல் ஒன்று, வெளிவாசல் ஒன்று. வாசலுக்கு வருவது வரிசைப் பாதை, வெளிவாசலில் இருந்து போவது சாதாரணப் பாதை. இரண்டும் நடைபாதையைத் தொடுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். வெளிவாசல் பாதை ஒரு கட்டம் தள்ளி நின்றாலும் இறங்கியவர்கள் புல்தரையில் திரிவார்கள். வரிசையை ரொம்ப நீளமாகவும் இழுக்காதீர்கள். நீள வரிசையில் நின்று சலித்தவர் கோபமாக வெளியே வருவார், அடுத்த ரைடுக்கும் போக மாட்டார்.

ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு பானக் கடை, ஒரு கழிப்பறை. இவை முதல் மூன்று மாதத்துக்குள். கடைகளுக்கு அருகில் குப்பைத் தொட்டி, ரைடுகளின் வெளிவாசலுக்கு அருகில் பெஞ்சு. தலைசுற்றி இறங்கியவர் உட்கார இடமிருந்தால் கொஞ்சம் தெளிந்துவிடுவார். இல்லாவிட்டால் பாதையிலேயே வாந்தி, அதைப் பார்த்து அடுத்தவருக்கு அருவருப்பு, மதிப்பெண் இறங்கும்.

எல்லாம் வைத்த பிறகும் ஆள் வரவில்லையா? வாசலைத் தட்டிப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் பூங்காவை நீங்கள் இன்னும் திறக்கவே இல்லை என்று அர்த்தம். சிரிக்காதீர்கள், நடக்கும்.

4. ஆள் எடுப்பது: சம்பளக் கணக்கு

மாதச் சம்பளம் இப்படி: துப்புரவாளருக்கு 50, மெக்கானிக்குக்கு 80, காவலாளிக்கு 60, வேஷம் கட்டி ஆடுகிற கலைஞருக்கு 55.

தொடக்கத்தில் துப்புரவாளர் மூன்று பேர், மெக்கானிக் ஒருவர் போதும். மாதம் 230. எட்டு மாதத்துக்கு 1,840. இது ஒரு சின்ன ரைடின் விலையைவிட அதிகம் என்பதால் பலரும் துப்புரவாளரைக் குறைப்பார்கள். குறைக்காதீர்கள். மிச்சப்படுத்த வேண்டுமானால் காவலாளியை விடுங்கள். பெஞ்சை உடைக்கிறவர்கள் கோபமாக இருப்பவர்கள்தான், அவர்கள் சந்தோஷமாக இருந்தால் காவலாளிக்கு வேலையே இல்லை.

துப்புரவாளரை எடுத்ததும் அவருடைய பெட்டியைத் திறந்து வேலைப் பட்டியலைப் பாருங்கள். பெருக்குவது, தொட்டியைக் காலி செய்வது, செடிக்குத் தண்ணீர், புல் வெட்டுவது என்று எல்லாமே டிக் ஆகியிருக்கும். புல் வெட்டுவதை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் மனுஷன் சம்பளத்தை வாங்கிக்கொண்டு மூலையில் புல் வெட்டிக்கொண்டிருப்பார், நடைபாதை நாறும். பிறகு பேட்ரோல் ஏரியா என்பதைத் தட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியைக் குறித்துக் கொடுங்கள். நான்குக்கு நான்கு கட்டங்களாகக் குறிக்கும். ஒருவரைக் கடை வரிசையிலும், ஒருவரை வேகமான ரைடின் வெளிவாசலிலும் நிறுத்துவது என் வழக்கம்.

மெக்கானிக் விஷயத்தில் யாரும் சொல்லாத ஒன்று: அவர் ரைடுக்குள் போவது வெளிவாசல் வழியாக. அதனால் அவர் சுற்றும் பகுதி வெளிவாசல்களைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ரைடு நின்று, அவர் பூங்காவின் மறுகோடியில் இருந்து நடந்து வந்து சேருவதற்குள் வரிசையில் நிற்கிறவர்கள் பாதிப் பேர் போய்விடுவார்கள். ஒவ்வொரு ரைடின் பராமரிப்புப் பக்கத்திலும் சோதனை இடைவெளி 30 நிமிடம் என்று இருக்கும். கோஸ்டர்களுக்கு அதை 10 நிமிடமாக்குங்கள். இதற்குத் தனிச் செலவு இல்லை, மெக்கானிக்கின் கால்தான் வலிக்கும்.

5. முதல் ரோலர் கோஸ்டர்

முதல் வருடக் கோடையில், கையில் கொஞ்சம் லாபம் வந்ததும் இதில் இறங்கலாம். ஆட்டத்தோடு வருகிற தயார் வடிவங்களில் ஒன்றையே முதலில் எடுங்கள். தேர்ந்தெடுக்கும்போதே விலையும் மூன்று மதிப்பெண்களும் தெரியும். அந்த மூன்றும்தான் ஒரு கோஸ்டரின் ஜாதகம்.

எக்ஸைட்மென்ட் என்றால் குதூகலம். 6-க்கு மேல் இருந்தால் நல்ல ரைடு. இன்டென்சிட்டி என்றால் அது எவ்வளவு கடுமை என்பது. நாசியா என்றால் குமட்டல். எக்ஸைட்மென்ட் அதிகமாக இருக்க வேண்டும், மற்ற இரண்டும் அடக்கமாக. இன்டென்சிட்டி 10-ஐத் தாண்டினால் எழுத்து சிவப்பாகும், பெரும்பாலானவர்கள் ஏற மாட்டார்கள். அதோடு போகாமல், அளவு மீறிய கடுமை எக்ஸைட்மென்ட்டையும் வெட்டிவிடும். நான் சொந்தமாகக் கட்டிய முதல் கோஸ்டரில் இன்டென்சிட்டி 11-ஐத் தாண்டி, எக்ஸைட்மென்ட் 3-க்கு வந்து நின்றது. உலகத்திலேயே பயங்கரமான ரைடு கட்டிவிட்டேன் என்று பெருமையாகத் திறந்தேன். வரிசையில் ஒரு ஈ காக்கை இல்லை.

சொந்தமாகக் கட்ட ஆசை வந்தால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் நிலையம், ரயிலின் நீளத்துக்குப் போதுமானதாக. அடுத்து சங்கிலி ஏற்றம், அதாவது சங்கிலி ரயிலை இழுத்து மேலே கொண்டுபோகும் மேடு. இதுதான் முழுப் பாதையிலும் உயரமான இடமாக இருக்கட்டும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு மேடும் முந்தையதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். சங்கிலி இல்லாத மேட்டை ஏறும் அளவு வேகம் இல்லையென்றால் ரயில் பாதியில் நின்று பின்னாலேயே உருளும்.

வேகமாக வரும் இடத்தில் திருப்பம் வைத்தால் அதைச் சாய்த்து வையுங்கள். தட்டையான திருப்பத்தில் பக்கவாட்டு அழுத்தம் கூடும். சோதனை ஓட்டத்தின் அறிக்கையில் லேட்டரல் ஜி என்ற எண் 2.8-ஐத் தாண்டிச் சிவப்பாக இருந்தால், தப்பு ஏதோ ஒரு திருப்பத்தில் இருக்கிறது. வரைபடப் பக்கத்தில் எந்த இடத்தில் எண் எகிறுகிறது என்று தெரியும். அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினால் போதும், முழுவதையும் இடிக்க வேண்டாம்.

கட்டி முடித்ததும் பச்சை விளக்கை அழுத்திவிடாதீர்கள். நடுவில் இருக்கும் சோதனை விளக்கை அழுத்தி, ரயில் சுற்றி முடிக்கும் வரை காத்திருங்கள். மதிப்பெண்கள் வந்த பிறகு திறப்பு. சரி, மதிப்பெண் சுமாராக வந்தால்? பாதையைச் சுற்றி மரங்களும் அலங்காரமும் வையுங்கள், நடைபாதைக்கு மேலாகவோ தண்ணீரை ஒட்டியோ ஓடட்டும். எக்ஸைட்மென்ட் கொஞ்சம் ஏறும். அலங்காரத்துக்குச் செலவழிப்பதில் எனக்குச் சம்மதமான ஒரே இடம் இதுதான்.

6. இரண்டு ரயில் ஓடினால் மோதலாம்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஒரு நொடியில் பூங்காவைச் சாய்த்துவிடும். ரைடு பழசாகப் பழசாகப் பழுதுகள் வரும். அதில் ஒன்று நிலையத்தின் பிரேக் பிடிக்காமல் போவது. அப்போது பின்னால் வரும் ரயில், நிலையத்தில் நிற்கும் ரயிலின் மேல் முழு வேகத்தில் வந்து மோதும். ஆட்டத்தில் ரத்தம் எல்லாம் கிடையாது, ஒரு வெடிப்பும் "இத்தனை பேர் இறந்தார்கள்" என்ற செய்தியும்தான். ஆனால் மதிப்பெண் சரியும், அந்த ரைடில் அப்புறம் நீண்ட நாளைக்கு யாரும் ஏற மாட்டார்கள். என் மகள் அன்றைக்கு டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனவள், மறுநாள்தான் திரும்பி வந்தாள்.

தப்பிக்க மூன்று வழி. ஒரே ரயில் ஓட்டுவது: வருமானம் குறையும், நிம்மதி உண்டு. அல்லது பாதையை, ரயில் நிலையத்துக்குள் மெதுவாக வரும்படி, கடைசியில் ஒரு மேடு ஏறி வரும்படி அமைப்பது. அல்லது பாதையில் பிளாக் பிரேக் துண்டுகளை வைத்து, ஓட்டும் முறையை பிளாக் செக்ஷன் என்று மாற்றுவது. பிளாக் முறையில் ஒரு பகுதியில் ஒரு ரயிலுக்கு மேல் நுழையாது. நிலையம், சங்கிலி ஏற்றம், பிளாக் பிரேக் ஆகியவை பாதையைப் பகுதிகளாகப் பிரிக்கும். எத்தனை பகுதியோ அதில் ஒன்று குறைவாக ரயில் ஓட்டலாம். நிலையத்துக்குச் சற்று முன்னால் ஒரு பிளாக் பிரேக்காவது இருக்கட்டும். சாதாரண பிரேக் துண்டை நம்ப வேண்டாம், பிரேக் பழுது வந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.

7. டிக்கெட் விலையை வருகிறவர்களிடமே கேளுங்கள்

என் மகளின் கேள்விக்குப் பதில் இருந்த இடம் இது. வருகிறவர்கள் பட்டியலைத் திறந்து, தாட்ஸ் என்று சுருக்கிக் காட்டும் பக்கத்துக்குப் போங்கள். யார் யார் என்ன நினைக்கிறார்கள் என்று எண்ணிக்கையோடு இருக்கும். என் பூங்காவில் முதல் வரி "கழிப்பறைக்குப் போக வேண்டும்". இரண்டாவது "பாதை அசிங்கமாக இருக்கிறது". மூன்றாவது "வெளியே போகும் வழி தெரியவில்லை". இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்?

ஒரு மாதத்துக்கு இரண்டு முறையாவது இதைத் திறந்து, மேலே உள்ள மூன்று வரிகளை மட்டும் சரிசெய்யுங்கள். வேறு எந்த உத்தியும் இந்த அளவு பலன் தந்ததில்லை எனக்கு.

விலைக்கும் இதே பெட்டிதான் அளவுகோல். "நல்ல மதிப்பு" என்று ஒரு ரைடைப் பற்றி நிறையப் பேர் நினைத்தால் விலையைக் கூட்டலாம். "இதற்கு இவ்வளவு கொடுக்க மாட்டேன்" என்று வந்தால் இறக்குங்கள். எக்ஸைட்மென்ட் 6 உள்ள கோஸ்டர் என்றால் 4 அல்லது 5 பவுண்டில் தொடங்கி, புகார் வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். தானாக வைக்கப்பட்ட விலையிலேயே விட்டுவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் காசை இழக்கும் இடம். புது ரைடுக்கு மவுசு இருக்கும்போதே நல்ல விலை வையுங்கள். வயதாக ஆகக் குறைத்துக்கொண்டே வர வேண்டியிருக்கும், அது இயல்பு.

மழைக்கு ஒரு தந்திரம். இன்ஃபர்மேஷன் கியோஸ்கில் குடை விற்கலாம். மழை பெய்யும்போது குடையின் விலையை யாரும் பார்ப்பதில்லை, கையில் காசிருந்தால் வாங்கிவிடுவார்கள். மழை தொடங்கியதும் விலையை ஏற்றிவிட்டு, நின்றதும் இறக்கிவிடுங்கள். மகள் இதை "அநியாயம்" என்றாள். அநியாயம்தான். அந்தப் பணத்தில் மறுமாதமே ஒரு புது ரைடு வந்தது.

8. கடன், ஆராய்ச்சி, விளம்பரம்: எதை எப்போது

முதல் வருடம் கடனை அடைக்க அவசரப்படாதீர்கள். கையில் இருக்கும் ஒவ்வொரு பவுண்டும் ரைடாக மாறினால் வட்டியைவிட அதிகம் கொண்டுவரும். வருடங்கள் அதிகம் உள்ள பூங்காக்களில், இரண்டாம் வருடப் பாதியில் மாதக் கணக்கு தொடர்ந்து லாபம் காட்டினால், கொஞ்சம் கொஞ்சமாக அடையுங்கள். ஒரு ரைடு மாதக்கணக்கில் நஷ்டம் காட்டினால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு இடித்துவிடுங்கள். ஆள் ஏறாவிட்டாலும் திறந்திருக்கும் ரைடு ஓடும் செலவை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

புது ரைடுகள் ஆராய்ச்சியில் வருகின்றன. மாதச் செலவு 100, 200, 400 என்று மூன்று படி, வேண்டாமென்றால் முழுவதும் நிறுத்தலாம். தொடக்கத்தில் 200 போதும், பணம் சேர்ந்ததும் 400. எந்தெந்த வகையில் ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்று டிக் போடும் பட்டியல் உண்டு. அலங்கார வகையை எடுத்துவிட்டு ரைடுகளை மட்டும் விடுங்கள். கடைசி வருடம் ஜூலைக்குப் பிறகு கண்டுபிடிப்பதைக் கட்டிப் பலன் பார்க்க நேரம் இருக்காது. அப்போது ஆராய்ச்சியை நிறுத்தி அந்தப் பணத்தை விளம்பரத்துக்கு ஒதுக்குங்கள்.

பூங்காவுக்கான விளம்பரம் வாரத்துக்கு 350. ஒரு குறிப்பிட்ட ரைடுக்கு என்றால் 200. இலவச உணவு, இலவச ரைடு போன்ற சீட்டுகள் வாரத்துக்கு 50. இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை எடுக்கலாம். ஆறு வாரப் பூங்கா விளம்பரத்துக்கு 2,100. இதைத் தொடக்கத்திலேயே செய்து வீணாக்காதீர்கள். கடைசி வருடம் செப்டம்பர் நடுவில் தொடங்குங்கள், அக்டோபர் கடைசி வரை ஓடும். அதே செப்டம்பரில் ஒரு சின்னப் புது ரைடையும் திறந்தால் இன்னும் நல்லது.

அக்டோபரில் இன்னும் இரண்டு வேலை. பழுதாகும் வயதில் உள்ள கோஸ்டரை நம்பி இருக்காதீர்கள், மெக்கானிக் ஒருவரைக் கூட எடுத்து அதன் அருகிலேயே நிறுத்துங்கள். துப்புரவாளர் இரண்டு பேரைக் கூட்டுங்கள். ஒரு மாதத்துக்கு 180 பவுண்டு. 600 மதிப்பெண் தேவைப்படும் நாளில் பாதை சுத்தமாக இருக்கட்டும். 260 பேர் இருக்கிறார்கள், போதும் என்று நினைக்காதீர்கள். மாலை மழையில் இருபது பேர் கிளம்பிவிடுவார்கள். 300 என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள்.

9. அடுத்து எந்தப் பூங்கா

முதல் பூங்காவை முடித்த கையோடு கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததில் விழ வேண்டாம். லீஃபி லேக்கில் மூன்று வருடத்தில் 500 பேர், முதல் பூங்காவில் கற்றதையே பெரிதாகச் செய்தால் போதும். டைனமைட் ட்யூன்ஸில் அதே மூன்று வருடத்தில் 650 பேர். டயமண்ட் ஹைட்ஸில் ஆள் கணக்கே கிடையாது, பூங்காவின் மதிப்பு 20,000 பவுண்டு ஆக வேண்டும். அங்கே ஏற்கெனவே ரைடுகள் ஓடிக்கொண்டிருக்கும், பழைய விலைகளைத் திருத்துவதில் இருந்து தொடங்குங்கள். எவர்கிரீன் கார்டன்ஸில் 1,000 பேர், ஆனால் நான்கு வருடம் தருகிறார்கள்.

பம்ப்லி பீச்சை மட்டும் தள்ளி வையுங்கள். 750 பேர், இரண்டே வருடம். அதாவது உங்கள் கடிகாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. நான் அதில் இப்போது நான்காவது முயற்சியில் இருக்கிறேன். முதல் வருடம் செப்டம்பர் ஆகிறது, உள்ளே 310 பேர், அதில் நாற்பது பேருக்குக் கழிப்பறை வேண்டுமாம்.